காற்றுக்கு வேலி கட்டிய ஆண்டு

(வாசிகசாலை ஆண்டு விழா ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எம்மை மேடையில் கண்டதும் தேர்தலைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இன்று சிறிது ஏமாற்றம் காத்திருக்கின்றது. சினிமாப் பாட்டைப் பற்றியே பேச வந்துள்ளோம். 1952 ஆம் ஆண்டில், மக்கள் செவிக்கு எது தகும், எது தகாது என்று தீர்மானிக்க டில்லியில் ஓர் அமைச்சர் முற்பட்டார். அம்முயற்சியின் பலன் கடல் தாண்டிக் கொழும்பிலே வந்து விளைந்தது. அந்தக் கதைதான் எமது பொருள். இதில் அரசியல் எங்கே என்று கேட்போர் சற்றுப் பொறுத்தருள்க.

அவ்வாண்டு இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் முடிந்ததும், தகவல் ஒலிபரப்பு அமைச்சுப் பொறுப்பு பி. வி. கேஸ்கர் அவர்களிடம் வந்தது. அவரைக் கலையறியாத முரடர் என்று எண்ணிவிட வேண்டா. பாரிஸில் பட்டம் பெற்றவர். இந்துஸ்தானி இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். சமஸ்தானங்கள் மறைந்தபின் ஆதரவிழந்து நின்ற வித்துவான்களுக்கு அகில இந்திய வானொலியே புதிய அரசவையாயிற்று. 1952 ஜூலையில் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி இமயம் முதல் குமரி வரை பெரும் பாடகர்களின் இசையைக் கொண்டு சென்றது. இப்பணியை நாம் குறைத்து மதிப்பிடமாட்டோம்.

ஆனால், நல்ல இசையைக் கொடுத்தால் போதும் என்று அமைச்சர் அமையவில்லை. மக்கள் விரும்பிய இசையை அகற்றவும் வேண்டும் என்றார். திரைப்பாட்டில் மேனாட்டு மெட்டுகளும் சிருங்கார மொழிகளும் மலிந்துவிட்டன என்பது அவர் கொண்ட குற்றச்சாட்டு. ஆகவே வானொலியில் திரையிசைக்குரிய நேரம் குறுக்கப்பட்டது. ஒலிபரப்பும் பாடல்களோ சல்லடையில் இட்டுச் சலிக்கப்பட்டன. படத்தின் பெயரைச் சொல்வது இலவச விளம்பரமாகும்; எனவே பாடியவரின் பெயரை மட்டும் சொன்னாற் போதும் என்று ஏற்பாடாயிற்று. படத் தயாரிப்பாளர்கள் சினந்தனர். பாடல்களை ஒலிபரப்பக் கொடுத்திருந்த உரிமத்தை மீட்டுக்கொண்டனர். சில மாதங்களில் இந்திய வானொலியில் திரைப்பாட்டு அநேகமாக மறைந்தே போயிற்று. உலகம் இதனைத் தடை என்றே நினைவில் வைத்திருக்கின்றது. சட்டக் கண்கொண்டு நோக்கின், அமைச்சரின் கட்டுப்பாடும் வியாபாரிகளின் ஒப்பந்த முறிவும் கூடிப் பெற்ற குழந்தை அது. கேட்பவனைப் பொறுத்தவரை வேறுபாடு ஒன்றுமில்லை. பெட்டியைத் திருகினான்; பாட்டு வரவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1885 ஆம் ஆண்டில் வெள்ளைக்காரன் இயற்றிய தந்திச் சட்டத்தின் வழிவந்த ஏகபோக உரிமையினால், அந்நாட்டில் ஒலிபரப்பு அரசின் கையிலேயே இருந்தது. தனியார் எவரும் நிலையம் அமைக்க இயலாது. சந்தையில் ஒரு கடைக்காரன் சரக்கை விற்க மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். உள்ளதே ஒரு கடையென்றால் அக்கடைக்காரனின் விருப்பே சட்டமாகிவிடும். அரசு தன் கதவை மூடியபோது நாட்டுக்குள் மறு கதவு இருக்கவில்லை.

வேடிக்கை யாதெனில், திரையிசை தரம் கெட்டது என்று தீர்ப்பளிக்கப்பட்ட அதே 1952 இல்தான் ‘பைஜு பாவ்ரா’ வெளிவந்தது. நௌஷாத் இசையமைத்த அப்படத்தில் உஸ்தாத் அமீர்கானும் டி. வி. பலுஸ்கரும் பாடினார்கள். இருவரும் கச்சேரி மேடையின் சிகரங்கள். அக்பர் அவையின் தான்சேனை ஓர் எளிய பாடகன் போட்டியில் வெல்லும் கதை அது. இராகங்களையே அடித்தளமாகக் கொண்ட அப்பாடல்களைக் கூலிக்காரனும் குதிரை வண்டிக்காரனும் முணுமுணுத்தார்கள். அமைச்சர் விரும்பிய பண்பாட்டுக் கல்வி அவர் வெறுத்த பள்ளிக்கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தது!

தமிழ்நாட்டிலும் அவ்வாண்டு இதனை ஒத்த ஒரு வழக்கு உண்டு. 1952 தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’யை இங்குள்ள மூத்தோர் மறந்திரார். மு. கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன்-பஞ்சுவின் இயக்கம், சிவாஜி கணேசனின் முதற்படம். தடை செய்க என்ற குரல்கள் பல திசைகளிலும் எழுந்தன, படம் தடைப்படவில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்று கதாநாயகன் பேசும் நீண்ட உரை ஊரூராக மனப்பாடமாயிற்று. (சட்டத்தரணி என்ற முறையில் ஒன்று சொல்லலாம்: எமக்குத் தெரிந்த எந்த நீதவானும் அவ்வளவு நேரம் பேச விடமாட்டார்.) படத்தைப் பார்க்கக் கொட்டகை இருந்தது, தடை கேட்டோருக்கு அது எட்டவில்லை. பாட்டைக் கேட்கவோ வானொலி ஒன்றுதான் இருந்தது. அதில் கை வைக்க அமைச்சரால் முடிந்தது.

அப்படியாயின் மறு கதவு எங்கே திறந்தது? நமது ஏக்கலையிலே!

இரண்டாம் உலகப் போரில், தென்கிழக்காசியாவில் நின்ற நேசநாட்டுப் படைவீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து ‘றேடியோ சியாக்’ என்னும் நிலையம் இயங்கிற்று. அதற்கென ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி, படைகள் கலைந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிற்று. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த அவுஸ்திரேலியரான கிளிபர்ட் டொட் அதனை நடத்தினார். சிற்றலையோ வான்மண்டலத்தில் மோதித் திரும்பி ஆயிரம் மைல்களுக்கு அப்பாலும் இறங்கும். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. சுங்கச் சாவடியும் இல்லை.

1952 டிசம்பர் 3 ஆம் நாள், புதன்கிழமை இரவு, ‘பினாக்கா கீத்மாலா’ என்ற அரைமணி நேர நிகழ்ச்சி கொழும்பிலிருந்து முதன்முதலாக ஒலித்தது. பினாக்கா என்பது ஒரு பற்பசை. பேசியவர் இருபதாவது வயதை அப்போதுதான் எட்டவிருந்த அமீன் சயானி. பம்பாயில் பதிவு செய்யப்பட்ட ஒலிநாடா இங்கே கொண்டுவரப்பட்டு, இந்தியாவை நோக்கியே திருப்பி அனுப்பப்பட்டது. இந்தியன் பாடிய பாட்டு, இந்தியன் பேசிய பேச்சு, இந்தியன் செவி. நடுவில் ஒரு கடலைச் சுற்றி வரவேண்டியிருந்தது, அவ்வளவுதான்! அந்நிகழ்ச்சிக்கு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் குவிந்தன. பின்னர் அது வாரந்தோறும் பாடல்களை வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாகி, கொழும்பிலேயே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

தமிழுக்கும் அதே வழி திறந்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரலுக்காகத் தமிழ்நாட்டு வீடுகளும் தேநீர்க் கடைகளும் காத்திருந்த காலம் அது. சென்னைப் படத்தின் பாட்டைச் சென்னையிலிருப்பவன் கொழும்பிலிருந்து கேட்டான்.

கொழும்பு இதனைக் கலைப்பற்றினால் செய்தது என்று பெருமை கொள்ளவும் வேண்டா. பற்பசை விற்கவேண்டும், விளம்பரப் பணம் வரவேண்டும் என்பதே நோக்கம். ஆனால், பாடத்திட்டம் வகுத்த அமைச்சரைக் காட்டிலும் பற்பசை விற்றவன் கேட்பவனுக்கு ஒரு மரியாதை செய்தான். ‘உனக்கு எது வேண்டும், எழுதி அனுப்பு’ என்று கேட்டான். அஞ்சலட்டை வாங்கக் காசும் நாலு வரி எழுதக் கையும் உள்ளவன் எவனும் அங்கே வாக்காளன்.

டில்லி ஐந்தாண்டுகள் பொறுத்தது. 1957 அக்டோபர் 3 இல் ‘விவித பாரதி’ என்ற பெயரில் மெல்லிசைக்கும் திரையிசைக்கும் தனிச் சேவை தொடங்கிற்று. அமைச்சர் அப்போதும் கேஸ்கர்தான். கொள்கை தோற்றது என்று அறிக்கை வெளியிடாமலே கொள்கையைக் கைவிடுவது அரசுகளுக்கு நன்கு பழகிய கலை.

அண்டை நாட்டைச் சொல்லி நகைத்துவிட்டு வீடு செல்ல முடியுமாயின் இவ்வுரை இன்பமாக முடிந்துவிடும். ஆனால், அண்டை அரசு மூடிய கதவினால் இலாபம் கண்ட நமது நாடே 1970 களில் தன் கதவை மூடிற்று. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் நூல்களும் படங்களும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அதற்குச் சொல்லப்பட்ட நியாயத்தை முழுவதும் தள்ளவும் முடியாது. அந்நியச் செலாவணி முடை உண்மை. நமது எழுத்தாளர்கள் மலிவுச் சஞ்சிகைகளின் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததும் உண்மை. அக்காலத்தில் வீரகேசரிப் பிரசுரங்கள் நமது நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டு ஒரு வாசகர் கூட்டத்தையே உருவாக்கின. இந்த நன்மையை நாம் கண்டிருக்கின்றோம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. கட்டுப்பாட்டை விதித்தவர்கள் வாசகனைக் கேட்டார்களா? உள்ளூர் எழுத்தாளனுக்குத் தாளும் அச்சும் சந்தையும் கொடுப்பது ஒன்று. வாசகன் கையிலிருப்பதைப் பறிப்பது வேறொன்று. முன்னையது செலவுள்ள வேலை. பின்னையதற்கு ஒரு கையொப்பம் போதும். ஆதலினாற்றான் ஆட்சியாளர் கை பின்னையதையே நாடுகின்றது.

கேட்பவனுக்கு உரிமை உண்டென்று நீதிமன்றங்கள் சொல்ல நெடுங்காலம் சென்றது. 1995 இல் இந்திய உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்புப் பற்றிய வழக்கொன்றில், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று கூறிற்று. மறு ஆண்டு நமது உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு எமது தொழிலில் உள்ளோருக்கு இன்னும் இனியது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு கல்வி நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்திவிட்டது. அந்நிகழ்ச்சியில் பங்குகொண்டு வந்த ஒரு நேயர் வழக்குத் தொடுத்தார். நேயரின் பேச்சுச் சுதந்திரமே மீறப்பட்டது என்று மன்று தீர்த்தது. 1952 இல் பெட்டியைத் திருகிப் பாட்டு வராமல் திகைத்தவனுக்கு இத்தகைய படிக்கட்டு ஏதும் இருக்கவில்லை. கொழும்புச் சிற்றலை ஒன்றே இருந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டைப் பற்றி எம்மோடு மாறுபடுவோர் இச்சபையில் இருவரேனும் உளர் என்பதை அறிவோம். அவர்கள் எழுந்து பேசட்டும்.