டில்லிப் பணம் நின்றால் ராஜ்ய சர்க்காரும் கைவிரிக்கலாமா?

(கம்பம் பள்ளத்தாக்கு விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



2024 நவம்பர் கடைசியிலிருந்து நூறு நாள் வேலைக் கூலி நின்று போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பொங்கல் வந்தது, கூலி வரவில்லை. 2025 ஜனவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதி 1,056 கோடி ரூபாய் பாக்கியைக் கேட்டார். மார்ச் மாதம் அந்தப் பாக்கி 4,034 கோடி என்றார்கள்.

தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டே என்பார்கள். உண்டு! 16-வது நாளிலிருந்து நூறு ரூபாய்க்குத் தினம் 5 பைசா. அப்போது முழுக் கூலி 319 ரூபாய். ஆறு நாள் கூலிக்குக் கணக்குப் பார்த்தால் தினம் 96 பைசா வரும். பாங்கிக்குப் போகும் பஸ் சார்ஜுக்குக் காணுமா?

சரி, டில்லி கைவிரித்தால் சென்னையும் கைவிரிக்கலாமா? 2005-ஆம் வருஷத்துச் சட்டம் கூலிப் பொறுப்பை மத்திய சர்க்கார் மேல் வைத்தது. ஆனால் வேலை கேட்டு 15 நாளில் வேலை தராவிட்டால், வேலையில்லாப் படி கொடுக்க வேண்டியது ராஜ்ய சர்க்கார். முதல் 30 நாளைக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன் பிறகு பாதிக்குக் குறையாமல். 2025-26-ல் கூலி 336 ரூபாய். அதாவது படி 84, பிறகு 168. இதைக் கையில் வாங்கியவர் இங்கே ஒருவராவது உண்டா? கை தூக்குங்கள். (யாரும் தூக்கவில்லை.)

ஏன் வாங்கவில்லை? வேலை வேண்டும் என்ற மனுவுக்குத் தேதி போட்ட ரசீது கொடுத்த அன்றே 15 நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். அது ஆபீசுக்குத் தெரியும். ஆகவேதான் “வேலை வந்தால் சொல்லி அனுப்புகிறோம், போங்கம்மா” என்கிறார்கள்.

2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் 125 நாள் என்று வாயில் சர்க்கரை போடுகிறது. ஆனால் செலவில் நூற்றுக்கு 40 ராஜ்யம் போட வேண்டும். டில்லி ஒதுக்கியதற்கு மேல் போனால் மிச்சம் முழுவதும் ராஜ்யத்தின் தலையில்! நடவு, அறுப்புக் காலமென்று வருஷத்தில் 60 நாள் வேலையை நிறுத்தவும் வழி செய்கிறது. கூடலூரிலும் சின்னமனூரிலும் பெரியாற்றுத் தண்ணீரில் நடவு நடக்கும்; ஆண்டிபட்டி மேட்டுக்காட்டுக்காரர் அந்த 60 நாளில் எங்கே போவார்?

மில் தோழர்களே, இது காட்டு வேலைக்காரர் சங்கதி என்று இருந்துவிடாதீர்கள். 2018-ல் ஈ.எஸ்.ஐ.யில் வந்த அடல் திட்டம், வேலை போனால் பாதிச் சம்பளம் என்கிறது. எத்தனை நாளைக்கு? 90 நாள், அதுவும் ஆயுளில் ஒரு தடவை. 91-வது நாள் கிராமத்தில் வீடு இருந்தால் மண்வெட்டியாவது உண்டு. தேனி, போடி நகராட்சிக்குள் குடியிருந்தால் அதுவும் கிடையாது. 2021-22-ல் தமிழ்நாடு நகரங்களுக்கு 100 கோடி ரூபாயில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் மலை ஏறிப் போகிறீர்களே, அந்தக் கேரளம் 2010-லேயே அய்யன்காளி பெயரில் நகரத்து ஏழைக்கும் வேலை உறுதி என்று தன் பணத்தில் ஆரம்பித்துவிட்டது!

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். மகாராஷ்டிரம் போன வழியில் போகட்டும். 1972 பஞ்சத்தில் அங்கே வேலை உறுதித் திட்டம் வந்தது. 1975-ல் பட்டணத்துச் சம்பளக்காரர்கள் மீது தொழில் வரி போட்டார்கள். அந்த வசூலுக்கு ஈடாக சர்க்காரும் பணம் போட்டது. டில்லி சட்டம் வருவதற்கு 30 வருஷம் முன்பே!

ஆகவே, கூலியை ராஜ்ய கஜானாவிலிருந்து முதலில் கொடு, டில்லியிடம் பிறகு நீயே வசூல் செய்து கொள் என்று கேட்கிறோம். இரண்டு சர்க்காரும் கணக்குப் பார்த்து முடிக்கும்வரை நம் அடுப்பு காத்திருக்காது.

திங்கட்கிழமை பஞ்சாயத்து ஆபீசில் எல்லோரும் வேலை கேட்டு மனுக் கொடுங்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்குச் சங்கத்தில் எழுதித் தருவார்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். மறுத்தால் அப்படியே பி.டி.ஓ. ஆபீசுக்கு நடப்போம்; நானும் வருகிறேன்.