நண்பரின் படமும் நமது கருத்தும்

1858ஆம் ஆண்டிலே, ஆங்கிலேயரான ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து நெகற்றிவ்களை இணைத்து, மரணத் தறுவாயிலுள்ள ஓர் இளம்பெண்ணையும் அவளைச் சூழ்ந்தோரையும் ஒரே படமாக்கினார். இத்தகைய துயரைப் படமாக்கலாமா என்று சிலர் கண்டித்தனர். அக்கண்டனம் அவருடைய அடுத்த படத்துக்கு எவ்வகையில் உதவும்?

இன்றும் படங்களை வெட்டி இணைத்து மாற்றியமைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். அவர்களுள் ஒருவர் தம் படத்தைக் காட்டும்போது, 'நன்று' என்பதும் 'பொய்' என்பதும் பயன் தாரா. அவர் கருதியது யாது என முதலிற் கேட்டல் வேண்டும். உருவங்கள்மீது ஒளி வெவ்வேறு திசையில் விழுவது அவர் வேண்டிச் செய்ததாயின், அது குறையன்று. அறியாது நேர்ந்ததாயின், அவ்விடத்தையும் திருத்தும் வழியையும் சுட்டலாம். கேட்டவர் மனஞ்சோராது மீண்டும் படத்தின்முன் அமர்வாராயின், அதுவே நல்ல விமர்சனம்.