மருந்துச் சீட்டில் ஒரு பூனை

1914-இல் கொல்லிமலையில் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சேர்ந்தார். தொழுநோயாளியைத் தொடவே ஊர் பயந்த காலம் அது. அவரோ, மடங்கிய விரல்களைப் பிடித்துப் பார்த்து, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். அப்படியும் சிலருக்குக் காலையில் புதுக் காயம்! உணர்ச்சியற்ற விரலை இரவில் எலி கடித்தால் எப்படித் தெரியும்? அதன்பின், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு ஒரு பூனையையும் சேர்த்து அனுப்பினார்கள். பிரசங்கம் யாரும் செய்யலாம். ஏழை படுக்கும் இடத்தில் எலி வருமே என்று யோசிப்பதைத்தான் நான் விசுவாசம் என்பேன். நிமிர்ந்த கைகளுக்குத் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்தார் பிராண்ட்.