தராசைப் பார்க்க வரும் ஆள்

பட்டம் பெறும் தம்பி, தங்கைகளே, மலையேறி வந்திருக்கும் பெற்றோரே,

இறம்பொடையில் நின்றுகொண்டு விமானப் பாதுகாப்பைப் பேசுபவர் அனுமாரைத் தாண்டிப் போக முடியாது. வேவண்டன் மேட்டில் சிலையாக நிற்கிறாரே, அவர் கடல் தாண்டி வந்தபோது நகர வாசலில் மறித்தவள் இலங்கிணி. இந்தத் தீவின் முதல் பாதுகாப்பு அதிகாரி அவள்தான் என்று வேடிக்கையாகச் சொல்வேன். ஆனால் ஒற்றை ஆள். அவள் விழுந்ததும் வாசல் திறந்துவிட்டது. அவள் காவலைச் சோதித்துப் பார்க்க மேலே யாரும் இருக்கவில்லை.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நிறுவையில் தண்ணிக்கு, சாக்குக்கு என்று கிலோ கழியும். சில நாள் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். தராசு பிடித்தவர் தோட்டத்து ஆள். முறைப்பாடு கேட்டவரும் தோட்டத்து ஆள். தராசு சரியா என்று பார்க்க வெளியாள் ஒருவர் வந்து நான் கண்டதில்லை. ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை என்ற நீளமான சொல்லைக் கேட்டால் எனக்கு நினைவு வருவது வராமற்போன அந்த வெளியாள்தான்.

விமான நிலையத்தில் சோதனை பிழைத்தால் கழிவது கிலோ அல்ல, உயிர். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா அட்லாண்டிக் மேலே சிதறி 329 பேர் மாண்டார்கள். குண்டு இருந்த பொதி ஏறியிருந்தது, பொதிக்குரியவர் ஏறவில்லை. அடுத்த ஆண்டு மே 3 அன்று கட்டுநாயக்க விமான நிலையத்தில், மாலைதீவுக்குப் புறப்படவிருந்த ஏர்லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். புறப்பாடு தாமதமானதால் தரையில் வெடித்தது. வானில் வெடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை யோசிக்கவே மனம் பதறுகிறது.

இந்தியா 1987இல் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தைத் தனித் துறையாக்கியது. நம் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. கட்டுநாயக்க நிலையத்தை நடத்துவது வேறு நிறுவனம். நடத்துபவரும் தணிக்கை செய்பவரும் ஒருவரே ஆகக்கூடாது. முழு விஷயமும் அந்தப் பிரிவினையில் இருக்கிறது. இத்தகைய அமைப்பினர் உங்கள் பையைத் திறப்பதில்லை. ஸ்கேனர் திரையைப் பார்ப்பவருக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பார்கள். முன்னறிவிப்பில்லாமல் போலிக் குண்டு வைத்த பையை அனுப்பி, பிடிபடுகிறதா என்றும் சோதிப்பார்கள்.

இந்த வேலையைத் தமிழில் சொல்வதில் ஒரு சிக்கல். 1974 டிசம்பர் 4 அன்று மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் ஹஜ் பயணிகளோடு வந்த விமானம் மோதி 191 பேர் இறந்தார்கள். அது விபத்து, ஒருவரின் சதி அல்ல. விபத்து, சதி இரண்டையும் தடுக்கும் வேலைக்கு நாம் வழக்கமாகச் சொல்வது 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்தான். உங்களில் யாராவது இன்னொரு சொல் கண்டுபிடியுங்கள்.

சோதனை என்றாலே நம்மவருக்குக் கசப்பு. என் தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் சோதனைக்காகப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவன் நான். அதனால்தான் எழுதிவைத்த விதியை விரும்புகிறேன். விதி காகிதத்தில் இருந்தால், 'எல்லாரையும் இப்படியா பார்க்கிறீர்கள்?' என்று கேட்கலாம். தோட்ட லயத்திலிருந்து முதன்முறையாக வளைகுடாவுக்குப் பறக்கும் அக்காவுக்கு அந்தக் கேள்வி தெரியாது. சீருடையைக் கண்டதும் தலை குனிவாள். நாளை விமான நிலையச் சோதனை மேசைக்குப் பின்னால் உங்களில் ஒருவர் இருந்தால், என்ன பார்க்கிறோம், ஏன் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தமிழில் சொல்லிவிட்டுப் பையைத் திறவுங்கள்.

மூடுபனி இறங்குகிறது, புசல்லாவைப் பக்கம் போகிறவர்கள் பஸ் பிடிக்க வேண்டும். வாழ்த்துகள், பிள்ளைகளே.