டீசல் ஏறும் மலை

ஜவ்வாது மலையில் சாமை விளைய வானம் பார்த்தாலே போதும். காய்கறி வைத்தால் கிணற்றுத் தண்ணீரை இறைத்தாக வேண்டும். கரண்டு கம்பி எட்டாத கொல்லையில் டீசல் இன்ஜின்தான் கதி. அந்த டீசல் கேனில் மலையேறி வர வேண்டும்.

5 குதிரைத்திறன் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். நாலு மணி நேரம் இறைத்தால் நாலு லிட்டர் டீசலின் காசு புகையாகப் போய்விடும். நம் நாடு கச்சா எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வெளியில் வாங்குகிறது. வளைகுடாவில் சண்டை மூண்டால் இந்த மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் கத்தரிப் பாத்தி வரை செலவு ஏறும்.

சூரிய சக்தியில் ஓடும் பம்ப்செட்டுக்கு இந்தக் கவலை இல்லை; வெயிலுக்கு விலை ஏறுவதில்லை. சூரியப் பலகையின் விலையோ இறங்கிவிட்டது. 2010 ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் சுமார் 12 ரூபாய். 2017-இல் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு! பகலில் இறைக்கும் பம்ப்செட்டுக்கு பேட்டரியும் வேண்டாம். பலகையைத் தூசி தட்டித் துடைத்தால் இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும்.

முதலில் போடும் பணம்தான் ஏழை விவசாயிக்கு மலைப்பு. அதனால்தான் மானியம் அவசியம் என்கிறேன். 2019-இல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் சூரிய பம்ப்செட் விலையில் பெரும்பங்கைத் தருகின்றன. டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்கள் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள்.