மாத முடிவு வரை நுளம்பு காத்திருக்காது

தோட்டச் சுகாதார ஊழியர்களே,

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அக்கரையில் உள்ள கிண்ணியாவை 2017 மார்ச் மாதம் டெங்கு உலுக்கியது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள்.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது என்ன? நுளம்பு முட்டை ஏழு முதல் பத்து நாளில் பறக்கிற நுளம்பாகிவிடும். நாமோ காய்ச்சல் கணக்கை மாதக் கடைசியில்தான் கூட்டிப் பார்க்கிறோம். அது பிந்திப் போச்சு.

இனி நோயாளி பெயருக்குப் பக்கத்தில் லயத்து நம்பரையும் எழுதுவோம். வெள்ளிக்கிழமைதோறும் கொப்பியைப் புரட்டுவோம். ஒரே லயத்தில் இரண்டு மூன்று காய்ச்சல் என்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லி, அன்றைக்கே பீப்பா, டயர், கூரைப் பீலி எல்லாவற்றையும் பார்ப்போம்.

கொப்பி மேலிடத்துக்கு மட்டுமில்லை. முதலில் நமக்குத்தான் வேணும்.