குடிக்கூலி வாங்குகிறவர் கூரையைப் பார்க்கட்டும்!



வாடகை வீடு பாழாவதற்குக் காரணம் வீட்டுக்காரரின் அலட்சியமா, குடியிருப்பவரின் மௌனமா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் கேட்டார்: "வாயைத் திறந்து சொன்னால்தானே ஐயா வீட்டுக்காரருக்குத் தெரியும்?" நடுவர் அவர்களே, நண்பர் வாடகை வீட்டு வாசற்படியைக்கூட மிதித்ததில்லை என்று தெரிகிறது!

நாங்கள் சொல்லாமலா இருந்தோம்? சித்திரை மாதத்திலே போய், "ஐயா, மொட்டை மாடியிலே தட்டோடு பெயர்ந்து கிடக்கு, மழைக்கு முன்னாலே பூசிடலாமே" என்றால், "இப்போ என்ன மழையா பெய்யுது?" என்பார். ஐப்பசியிலே போய், "ஐயா, ஒழுகுது" என்றால், "மழையிலே எப்படிங்க பூசறது? வெயில் வரட்டும்" என்பார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்) சரி, மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் தை மாதத்திலே போனால், "நானே வரணும்னு இருந்தேன், இந்த மாசத்திலேருந்து வாடகையைக் கொஞ்சம் ஏத்திக் கொடுங்க" என்பார்!

மதுரையிலே நான் குடியிருந்த ஒரு வீட்டிலே, வானம் இருட்டினால் என் மனைவி துணியை எடுக்க ஓட மாட்டாள். பாத்திரத்தை எடுக்க ஓடுவாள். அண்டாவுக்கு ஓர் இடம், குண்டானுக்கு ஓர் இடம் என்று எல்லாம் நிரந்தரம். உறவுக்காரர் வந்தால், "அண்டாவுக்கு அந்தப் பக்கம் படுத்துக்குங்க மாமா" என்போம். (சிரிப்பு) இன்றைக்குச் சிரிக்கிறோம். ஆனால் ஒரு நாள் காலை, பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பிப் போன அரை மணி நேரத்திலே, அவன் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டிலே கூரைப் பூச்சு ஒரு பாளமாக விழுந்தது. அதற்கு முன் மூன்று தடவை போய்ச் சொல்லியாகிவிட்டது நடுவர் அவர்களே!

ஏன் விழுகிறது? தட்டோட்டு விரிசலில் இறங்குகிற தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்தால் தன்னைச் சுற்றியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஓதம் ஏறிய சுவரிலே மின்சாரக் கம்பி போனால் சுவரே ஷாக் அடிக்கும். கொத்தனாருக்கு இரண்டு நாள் கூலியோடு முடிந்திருக்க வேண்டிய வேலையை, கூரையையே இடித்துப் போடுகிற வேலையாக வளர்ப்பவர் யார்? வீட்டுக்குச் சொந்தக்காரர்தான். தன் சொத்தைத் தானே அழிக்கிறார்!

நான் தமிழ் வாத்தியார். ஒரு சொல்லைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. வாடகைக்கு நம் ஊரிலே இன்னொரு பெயர் குடிக்கூலி. கூலி என்றால் என்ன? வேலைக்குத் தருவது. களை எடுத்தால் கூலி, மூட்டை தூக்கினால் கூலி. அப்படியானால் குடிக்கூலி எதற்கு? வெயிலும் மழையும் படாமல் ஒரு குடும்பத்தை வைத்துக் காப்பாற்றுகிற வேலைக்கு! கூரை ஒழுகினால் அந்த வீடு வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். வேலைக்கு வராதவருக்கு மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் முழுக் கூலியும் வேண்டுமாம்! (கைதட்டல்)

இனி அந்த மௌனத்துக்கு வருகிறேன். ஒரு கட்டத்திலே குடியிருப்பவர் பேச்சை நிறுத்திவிடுகிறார், உண்மை. ஏன்? "பிடிக்கலேன்னா காலி பண்ணிக்குங்க" என்ற ஒரே வாக்கியம்! காலி செய்தால் பிள்ளையின் பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, கேஸ் எல்லாவற்றுக்கும் அலைய வேண்டும். கொடுத்த அட்வான்ஸ் வேறு அவர் கையிலே இருக்கிறது. அந்த மௌனம் எங்கே பிறந்தது? வீட்டுக்காரர் வாயிலே பிறந்தது!

ஆனால் சட்டம் மௌனமாக இல்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரிப்பேருக்குக் கூட கன்ட்ரோலரிடம் போய் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டிலே நடைமுறைக்கு வந்தது. யாருக்கு எந்த வேலை என்று பட்டியலே போட்டிருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் வர்ணம், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின்சார வயரிங் எல்லாம் வீட்டுக்காரருடையவை. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எல்லாம் நம்முடையவை. (எதிரணியிலே ஏன் இப்போது கைதட்டுகிறீர்கள்? வாஷருக்கு வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆளை நானும் ஆதரிக்கவில்லை.) வீட்டுக்காரர் தன் வேலையைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் செய்துவிட்டு வாடகையிலே கழித்துக்கொள்ளலாம். குடியிருக்கவே முடியாத நிலை என்று எழுத்திலே சொல்லியும் மறுத்தால், பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். தண்ணீரை நிறுத்துவேன், கரண்டை நிறுத்துவேன் என்று மிரட்டவும் முடியாது.

ஒரே ஒரு விஷயம், தாய்மார்களே. பதினொரு மாதத்துக்கு ஒரு பத்திரம் எழுதி பீரோவிலே வைத்தால் போதாது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். மாடிப்படியிலே நின்று சொன்னதற்குச் சாட்சி கிடையாது. தேதி போட்டு நாலு வரி எழுதுங்கள், செல்போனிலே ஒழுகுகிற இடத்தைப் படம் எடுத்து வையுங்கள், தபாலிலே அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மரியாதையாகவே எழுதுங்கள், ஓய்வூதியத்தோடு இந்த வாடகையையும் நம்பி வாழ்கிற பெரியவர்களும் உண்டு. அவர்களோடு உட்கார்ந்து பேசி, செலவை மாதாமாதம் வாடகையிலே கழித்துக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

மணி அடித்துவிட்டார்கள். எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணி அம்மையாருக்கு மூன்று வீடு வாடகைக்கு இருக்கிறதாம். ஐப்பசி வரப்போகிறது. பேசத் தொடங்குவதற்கு முன்னால், மாடியைப் பூசியாகிவிட்டதா என்று மட்டும் நடுவர் கேட்டுச் சொல்லட்டும். (நீண்ட கைதட்டல்)